மஞ்சளும் சாம்பலும் ஒரே பெட்டியில்

நூல் குவியலுக்குள்ளிருந்து போன் வீறிட்டது.

நூல்காரி கையிலிருந்த அட்டைப்பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கூடை கூடையாகத் துழாவினாள். நீலத்தில் இல்லை. சிவப்பில் இல்லை. போன் எங்கோ கம்பளிக்கு அடியில் மூச்சுமுட்டக் கத்திக்கொண்டிருந்தது.

"பச்சையில பாருங்க அண்ணி" என்றாள் நாத்தனார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "உருண்டை சுத்தும்போது போனையும் வெச்சு சுத்திட்டீங்களோ என்னமோ. ஒருநாள் யாரோ ஒருத்தரோட ஸ்வெட்டருக்குள்ளேருந்து மணியடிக்கப் போகுது பாருங்க."

பச்சையில்தான் இருந்தது. அறிமுகமில்லாத எண்.

"அக்கா, நான் மஞ்சள் நூல் ஆர்டர் பண்ணியிருந்தேனே..." ஒரு பெண் குரல். மாடிப்படியில் நின்று பேசுகிறாள் போலிருந்தது, எதிரொலித்தது. "இன்னிக்கு டெலிவரின்னு மெசேஜ் வந்திருக்கு. ஆனா பார்சல் என் பேருல இல்ல. எங்க அத்தை பேருல போட்டிருக்கு."

நூல்காரிக்கு உடனே ஞாபகம் வந்தது. அதைப் பற்றி ஒரு வாரமாக அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீட்டின் பின்னறையிலிருந்து பின்னல் நூல் விற்பவள் அவள். கம்பளி, பருத்தி, பின்னல் ஊசி, குட்டிப் பொத்தான்கள். படம் எடுத்து இணையத்தில் போடுவாள், எங்கெங்கிருந்தோ வாங்குவார்கள். சுவரோரக் கீழ்த்தட்டில் வரிசையாகப் பிரம்புக் கூடைகள் இருக்கும். அவை 'காத்திருப்புக் கூடைகள்'. பின்னுகிறவர்கள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வாங்குவதில்லை. இன்றைக்கு ஒரு உருண்டை, அடுத்த வாரம் ஒரு ஊசி, சம்பளம் வந்ததும் இன்னும் கொஞ்சம் நூல். "சேர்த்து வைங்க அக்கா, மொத்தமா அனுப்புங்க" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கூடை. நிறைந்ததும் ஒரே பெட்டி, ஒரே கூரியர் செலவு. கூடுதலாக வாங்கிய அனுப்பும் செலவை அவரவருக்கே திருப்பிப் போட்டுவிடுவாள். இந்த ஒரு நேர்மைக்காகவே அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

வாடிக்கையாளர்களை அவள் பெயரால் நினைவு வைத்துக்கொள்வதில்லை. நிறத்தால்தான். ஊதாக்காரி, இரட்டை நீலம், பாசிப்பச்சை மாமா என்று.

போன வாரம் ஒரே நாளில் இரண்டு ஆர்டர்கள் வந்தன. ஒன்று சாம்பல்; தடித்த கம்பளி. படத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு ஒரு பெரியம்மா. இன்னொன்று இளமஞ்சள், மிக மெல்லிய பருத்தி நூல், சின்ன ஊசி, வாத்து வடிவப் பொத்தான்கள். படமில்லை. பெயர்கள் வேறு. முகவரி மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

"ரெண்டு பேரு, ரெண்டு ஆர்டர். எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க அண்ணி" என்று நாத்தனார் அன்றைக்கே சொன்னாள்.

"ஒரே வீடு, ஒரே அடுப்பு. பெட்டி மட்டும் எதுக்குடி ரெண்டு?" என்று நூல்காரி இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து அமுக்கினாள். மேலே ஒட்டும் சீட்டில் ஒரு பெயருக்குத்தான் இடம். யோசிக்கவே இல்லை. பெரியவர்கள் பெயர் இருக்கட்டும், அதுதான் மரியாதை என்று சாம்பல்காரியின் பெயரைப் போட்டாள்.

இரண்டு அனுப்பும் செலவு வாங்கியாயிற்று, போனதோ ஒரு பெட்டி. மிச்சத்தை யாருக்குத் திருப்புவது? மாமியாருக்கா, மருமகளுக்கா, அக்காவுக்கா, தங்கைக்கா? உறவே தெரியாதபோது ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் விடுவது சரியா? இப்படி நியாயத்தைப் பல பக்கமும் புரட்டிப் பார்த்து, கடைசியில் தானே வைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா, வந்துடும், ஒரே வீடுதானேன்னு..." என்று தொடங்கினாள்.

"அக்கா, நான் மெசேஜ்ல எழுதியிருந்தேனே. தனியா அனுப்புங்க, வீட்டுக்கு வேண்டாம், கூரியர் ஆபீஸ்லயே வெச்சிருக்கச் சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்னு."

நூல்காரி அவசரமாகத் திரையைத் தள்ளிப் பார்த்தாள். மெசேஜ் இருந்தது. 'அக்கா, உங்க மஞ்சள் ரொம்ப அழகா இருக்கு, கண்ணு அதுலேயே நிக்குது...' அவள் பார்த்தது அந்த இரண்டு வரியை. பாராட்டைப் படித்துச் சிரித்துவிட்டு, ஒரு பூ படத்தைத் தட்டிவிட்டு மூடியிருந்தாள். கீழே தொட்டால் மீதி விரிந்திருக்கும். தொடவில்லை.

"எங்க வீட்ல யாருக்கும் தெரியாதுக்கா" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "எனக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை கரு தங்கல. ரெண்டு தடவையும் அத்தைகிட்டதான் மொதல்ல சொன்னோம். அவங்க சந்தோஷத்துல ஊரையே கூப்பிட்டுச் சொன்னாங்க. போனப்புறம் என்னைவிட அவங்கதான் அதிகமா ஒடிஞ்சு போனாங்க. சாப்பிடல, பேசல. நான் அழறதா, அவங்களைத் தேத்தறதான்னே தெரியல. அதனாலதான் இந்தத் தடவை நல்லபடியா கொஞ்சம் தாண்டற வரைக்கும் எங்க ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்னு அவரும் நானும் முடிவு பண்ணினோம். நூலைக்கூட ஆபீஸ் டிராயர்லதான் வெச்சுக்கலாம்னு... இப்ப அந்தப் பெட்டி அவங்க கைக்குப் போகப் போகுது. அவங்க பேரு போட்டிருந்தா பிரிக்காம இருப்பாங்களா?"

உண்மை வாய் நுனியில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை, நான்தான் சேர்த்தேன். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"கூரியர்ல சேர்த்துட்டாங்க போலம்மா. ஒரே அட்ரஸ்னா சில சமயம் அவங்களே இப்படிப் பண்ணிடறாங்க."

தராசின் அருகில் நாத்தனாரின் கை நின்றது.

"அப்படியா" என்றாள் அந்தப் பெண். "சரிக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க தப்பு இல்லையே. நான்தான் படபடன்னு பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க."

அந்த மன்னிப்பு நூல்காரியை நெஞ்சில் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நான் பாத்துக்கறேன்மா. நீ கவலைப்படாதே. பெட்டியை நானே போய் வாங்கிடறேன்."

போனை வைத்தாள். நாத்தனார் ஒரு சாம்பல் உருண்டையை எடுத்துத் தராசில் வைத்து, முள் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"கூரியர்காரன் நம்ம வீட்டுக்குள்ள வந்து, நம்ம டேப்பை எடுத்து ஒட்டி, நம்ம கையெழுத்துல பேரும் எழுதிட்டுப் போயிட்டானா அண்ணி? நல்ல வேலைக்காரன். அவனையே வேலைக்கு வெச்சுக்கலாமே, எனக்கும் ஓய்வு கிடைக்கும்."

"வாயை மூடிட்டு ஒரு பை எடுத்துக் குடுடி."

"எதுக்கு?"

"சாம்பல் உருண்டை வைக்க. தப்பான நிறம் அனுப்பிட்டேன், மாத்த வந்திருக்கேன்னு சொல்லிப் பெட்டியை வாங்கிடறேன்."

"ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யா? இதையும் சேர்த்து ஒரே பெட்டியில போட்டுடுங்க" என்றாள் நாத்தனார். ஆனால் எழுந்து போய் நல்ல பையாகத் தேடிக்கொண்டு வந்தாள். வாசல் வரை வந்து, "அண்ணி, அந்தப் பொண்ணு பாவம்" என்றாள், கேலியில்லாமல்.

அது தெரியாமலா?

கூரியர் அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு ஆள் தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். வண்டி காலையிலேயே கிளம்பிவிட்டது என்றான். "நிறுத்த முடியாதா?" என்றாள். "ஓடற வண்டியைக் கயிறு கட்டியாம்மா நிறுத்தறது? பையன் போன் எடுத்தா சொல்றேன்." பையன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கக்கூடாது என்று அலுவலகமே சட்டம் போட்டிருக்கிறதாம். நல்ல சட்டம்தான். இன்றைக்குப் பார்த்தா அதைக் கடைப்பிடிக்க வேண்டும்?

பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. மடியில் சாம்பல் நூல் பை. அந்த மெசேஜைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தாள். 'தனியா அனுப்புங்க அக்கா, ப்ளீஸ்.' அதற்குக் கீழே அவள் அனுப்பிய பூ படம் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டார்கள் என்றுதானே நிம்மதியாக இருந்திருப்பாள்? ஒரு வாரம் முழுக்க அந்தப் பூவை நம்பியிருக்கிறாள்.

மிச்சம் பிடித்த கூரியர் காசில் என்ன வாங்கினோம் என்று யோசித்தாள். ஞாபகமே வரவில்லை. ஞாபகம்கூட இல்லாத காசு. அதற்காக ஒரு வீட்டின் மூடிய கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

தெருமுனையில் இறங்கி நடந்தபோது, கூரியர் பையன் எதிரே வண்டியில் வந்தான். தோளில் தொங்கிய பெரிய பை தட்டையாகக் கிடந்தது. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மூலை வீடா? இப்பதான் குடுத்தேன். பெரியம்மாவே கையெழுத்துப் போட்டாங்க." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, உடையற பொருளா? நான் மெதுவாத்தான் வெச்சேன்" என்றான்.

"உடையற பொருள்தான்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கதவு தட்டியபின் திறக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. உள்ளே நாற்காலி நகரும் சத்தம், ஏதோ இழுப்பறை மூடும் சத்தம். பிறகு படத்தில் பார்த்த அதே கண்ணாடி, கயிற்றில் தொங்கியபடி. ஆஜானுபாகுவான பெண்மணி. கண்ணோரம் சிவந்திருந்தது.

"யாரும்மா?"

"நான் நூல் அனுப்பினவங்க. உங்க பார்சல்ல... தப்பான சாம்பல் போட்டுட்டேன்மா. அதான் மாத்தித் தரலாம்னு..."

"இதுக்காகவா இவ்வளவு தூரம்? பஸ்லயா வந்தீங்க?" பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சாம்பல்ல என்னம்மா தப்புச் சாம்பல், சரிச் சாம்பல்? எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மேல்சட்டை. அவருக்குக் கறுப்புக்கும் நீலத்துக்குமே வித்தியாசம் தெரியாது. ஒரு தடவை என் சால்வையைப் போத்திக்கிட்டு ஆபீசுக்கே போயிட்டாரு. உள்ள வாங்க, தண்ணி குடிங்க. முகமெல்லாம் வேர்த்துப் போயிருக்கு."

கூடம் சுத்தமாக இருந்தது. மேஜை மேல் எதுவும் இல்லை. நூல்காரியின் கண் எல்லா மூலையிலும் பெட்டியைத் தேடியது.

"பெட்டியைப் பிரிச்சுட்டீங்களாம்மா?" குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"இல்லையே. இப்பதானே வந்துச்சு. அடுப்புல வேலை இருந்துச்சு, உள்ள வெச்சுட்டேன்."

பெரியம்மா உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். நூல்காரி முதலில் பார்த்தது மேல்பக்கத்தை. அவள் ஒட்டிய பழுப்பு டேப் ஒரு சுருக்கமும் இல்லாமல் அப்படியே இருந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கொண்டுவந்த பையை நீட்டினாள். பெரியம்மா உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அதே சாம்பல்தானே இது?" என்றாள்.

இணையத்தில் பார்த்த படத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து நூல்காரி தலையாட்டினாள்.

இந்த இடத்தில் இன்னொரு தொல்லை. இந்த அம்மாவிடமும் அனுப்பும் செலவு வாங்கியிருக்கிறாள். அதைத் திருப்பித் தர வாய் துடித்தது. ஆனால் எதைச் சொல்லித் தருவது? இரண்டு ஆர்டரைச் சேர்த்தேன் என்றால், இரண்டாவது யாருடையது என்று கேட்க மாட்டாளா? செய்த தப்பை ஒப்புக்கொள்ளக்கூட வழியில்லாமல் தானே கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வர்றேன்மா. தொந்தரவு குடுத்துட்டேன்."

"இதுல என்ன தொந்தரவு? தப்புன்னு தெரிஞ்சதும் பஸ் ஏறி வர்றவங்க எத்தனை பேரு இருக்காங்க? நல்ல மனசும்மா உங்களுக்கு."

அடுத்த குத்து. நூல்காரி பெட்டியை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அடிப்பக்கம் விரலில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. வெயிலில் டேப் இளகியிருக்கும் என்று நினைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் யாருமில்லை. பெட்டியைப் பலகையில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா?"

"பெட்டி என் கையில இருக்கும்மா. பிரிக்கல. நீ எங்க சொல்றியோ அங்க கொண்டுவந்து குடுக்கறேன்."

மறுமுனையில் நீண்ட மூச்சு வெளிவந்தது. "அத்தைக்கு ஒண்ணும் தெரியலல்ல?"

"தெரியலம்மா. சத்தியமா தெரியல. டேப்பைக்கூடத் தொடல."

"தேங்க்ஸ்க்கா. காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி இறங்கல எனக்கு. நீங்க யாரோ எவரோ, எனக்காக இவ்வளவு தூரம்..."

"நன்றி சொல்லாதம்மா" என்று நூல்காரி குறுக்கிட்டாள். இந்தத் தடவை வாய் குளறவிடவில்லை. "கூரியர்காரங்க தப்பு இல்ல. நான்தான் சேர்த்தேன். உன் மெசேஜை முழுசாப் படிக்கல. மேல ரெண்டு வரியைப் பாத்துட்டுப் பூவைப் போட்டுட்டேன். ரெண்டு பேர்கிட்டயும் அனுப்பற செலவை வாங்கிட்டு ஒரே பெட்டியா அனுப்பி மிச்சம் பிடிச்சேன். காலையில உன்கிட்ட பொய் சொன்னேன்."

எதிர்முனையில் யாரோ படியேறிப் போகும் காலடி கேட்டது.

"மன்னிச்சுக்கங்கன்னு உங்ககிட்ட சொன்னேனே அக்கா" என்றாள் அவள் கடைசியில். கோபமில்லை. அதுதான் பொறுக்கவில்லை. "அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்."

"சரி விடுங்க. அத்தைக்குத் தெரியல, அது போதும். சாயந்திரம் எங்க ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுவாங்க. இனிமே என் கூடையைத் தனியா வைங்க."

"உன் செலவை இப்பவே திருப்பிப் போட்டுடறேன்மா."

"அதெல்லாம் வேண்டாம். அதுக்கும் நூலே குடுங்க. வெள்ளை" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அழுத மாதிரியும் இருந்தது. வைத்துவிட்டாள்.

நூல்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் இடம் மாறியது. இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ஒன்று மட்டும் நல்லபடியாக முடிந்தது. அந்தப் பெண்ணின் ரகசியம் அவளிடமே பத்திரமாக இருக்கிறது.

"இந்தாம்மா! நில்லுங்க!"

திரும்பினாள். பெரியம்மா வீட்டுச் செருப்போடு மூச்சுவாங்க வந்துகொண்டிருந்தாள். கையில் நூல்காரி விட்டுவந்த காலிப் பை.

"பையை மறந்துட்டீங்க." பக்கத்திலேயே பலகையில் உட்கார்ந்து மூச்சைச் சமாளித்தாள். பையைக் கொடுத்தும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, ஒரு தூசுமில்லாத கண்ணாடியைத் துடைத்தாள்.

"உங்க கடையில ஒரு பழக்கம் இருக்காமே. கொஞ்சம் கொஞ்சமா வாங்கினா, கூடையில சேர்த்து வெச்சு மொத்தமா அனுப்புவீங்களாம்."

"ஆமாம்மா. எவ்வளவு நாள் வேணாலும் வெச்சிருப்பேன்."

"எத்தனை மாசமானாலும்?"

"எத்தனை மாசமானாலும்."

"அப்போ எனக்கு ஒரு கூடை போடுங்க. நல்ல மெல்லிசா, உடம்புல குத்தாத நூலா. எந்த நிறமானாலும் சரி, ஆனா மஞ்சள் வேண்டாம், அது இருக்கு. ஊசியும் சின்னதா."

நூல்காரியின் கை தானாகப் பெட்டியின் அடிப்பக்கத்துக்குப் போனது. பிசுபிசுப்பு. புது டேப்பின் ஓரம்.

பெரியம்மா பெட்டியைப் பார்க்கவில்லை. பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்பட்டுமாம்மா?" என்றாள் நூல்காரி. "எப்ப அனுப்பட்டும்?"

"இப்ப வேண்டாம், எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ மறுபடியும் எனக்காகப் பயப்பட ஆரம்பிச்சுடுவா, உங்க கூடையிலயே இருக்கட்டும், எம் மருமக கையில பிள்ளை வந்ததும் நானே சொல்றேன், அப்ப எல்லாத்தையும் சேர்த்து ஒரே பெட்டியா அனுப்புங்க."